முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஊருக்கு வருகிறார்: சந்திப்பது முறையா?

வில்லூன்றி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இதை நான் சொந்தப் பெயரில் எழுதாத காரணம் வாசிக்கும்போது உங்களுக்கே விளங்கும். திருகோணமலை நகரில் பிறந்து, இடம்பெயர்ந்திருந்த காலம் தவிர்ந்த வாழ்நாள் முழுவதையும் இங்கேயே கழித்தவள் நான். பிள்ளைகள் இருவரும் தொழிலுக்குப் போய்விட்டார்கள். கணவர் அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார். எங்களுடையது பேச்சுத் திருமணம். அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இப்படியொரு கேள்வியைக் கேட்கும் பெண்ணின் வீட்டில் ஏதோ சரியில்லை என்று நினைப்பதுதான் நம்மவர் வழக்கம்.

1989இல் நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே ரியூசன் வகுப்பில் மூதூரைச் சேர்ந்த ஒருவரும் படித்தார். அப்போது கிண்ணியாப் பாலம் இல்லை. தரைவழியாக மூதூர் போவதென்றால் துறைக்குத் துறை பாதை எனப்படும் மிதவையில் ஏறி இறங்க வேண்டும் என்பதால், அவர் லோஞ்ச் என்னும் இயந்திரப் படகில் வந்து லோஞ்சிலேயே திரும்புவார். வகுப்பு முடிவதற்கும் கடைசி லோஞ்ச் புறப்படுவதற்கும் இடையில் கிடைத்த நேரம்தான் எங்களுக்கென்று இருந்த நேரம். நான் துவிச்சக்கர வண்டியில் ஏறாமல் அதை உருட்டிக்கொண்டு நடப்பேன். வண்டிக்கு மறுபக்கத்தில் அவர் நடப்பார். இறங்குதுறை வரும் வரைக்கும் கதைப்பது பெரும்பாலும் வகையீடும் தொகையீடும்தான். விருப்பம் என்று இருவரும் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. சொல்லாமலே இருவருக்கும் தெரிந்திருந்தது என்று அன்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

1990 மார்ச்சில் இந்தியப் படையின் கடைசிப் பிரிவு எங்கள் துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. யூனில் மீண்டும் சண்டை மூண்டது. யார் எங்கே போனார்கள் என்று எவருக்கும் தெரியாத அந்த நாட்களில், அவருடைய குடும்பம் எப்படியோ மன்னாரை அடைந்து, படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்திருக்கிறது என்பதை, என் அண்ணனுக்கு வந்த ஒரு ஏரோகிராம் மூலம்தான் அறிந்தோம். அண்ணனும் அவரும் நண்பர்கள். முகாமில் கொடுக்கும் அரிசி, தம்முடன் வந்து சேர்ந்தவர்கள், வழியில் தவறிப்போனவர்கள் என்று தாள் முழுவதும் எழுதிவிட்டு, மடித்து ஒட்டும் ஓரத்தில் நெருக்கிய சிறிய எழுத்தில், தங்கச்சியிடம் கொடுத்த மடக்கை அட்டவணை அவவிடமே இருக்கட்டும், திருப்பித் தர வேண்டாம் என்று எழுதியிருந்தார். கண் சரியாகத் தெரியாத எங்கள் அப்பாவுக்காக அம்மா அந்தக் கடிதத்தை உரத்து வாசித்தார். ஓரத்தில் இருந்த வரியையும் அதே குரலில் வாசித்தார். வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அதன் பிறகு கடிதம் வரவில்லை; வந்திருந்தாலும் அந்த முகவரியில் நாங்கள் இருக்கவில்லை.

அவர் இப்போது கனடாவில் இருக்கிறார். வருகிற பங்குனியில் கோணேசர் கோயில் திருவிழாவுக்கு மனைவி பிள்ளைகளுடன் வருவதாகவும், எங்கள் குடும்பத்தினர் எல்லோரையும் பார்க்க விரும்புவதாகவும் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். என் கணவருக்கு இவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. சொல்வதற்கு எதுவுமே நடக்கவில்லை என்பது என் பக்க நியாயம். எதுவுமே நடக்கவில்லை என்றால் அந்த அட்டவணை ஏன் இன்றும் என் அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே இருக்கிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான் அவரைச் சந்திக்கலாமா? சந்திப்பதானால் கணவரிடம் முன்பே சொல்ல வேண்டுமா? வயதிலும் அனுபவத்திலும் முதிர்ந்தவர்கள் சொல்லுங்கள்.

தம்பலகாமத்தான் எழுதியது:

சகோதரி, என் கருத்து வேண்டாம் என்பதே. உங்களிடம் இருப்பது ஒரு பத்தொன்பது வயது இளைஞனின் நினைவு. வரப்போகிறவர் ஐம்பது தாண்டிய ஒரு குடும்பஸ்தர். இருவரையும் ஒரே கதிரையில் இருத்திப் பார்ப்பதால் யாருக்கும் நன்மை கிடையாது. கணவரிடம் சொன்னால் அவருக்கு இல்லாத கவலை வரும், சொல்லாவிட்டால் உங்களுக்கு வரும். அண்ணன் வீட்டில் அவர்கள் விருந்துண்டு போகட்டும். அன்றைக்கு உங்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள்.

உவர்மலை முதியவர் எழுதியது:

தங்கைக்கு, தம்பலகாமத்துத் தம்பி சொல்லும் காய்ச்சல் உபாயம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதற்கு முன் எங்கள் ஊரிலேயே நிற்கும் ஒரு தூணைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கும் அதற்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

கோட்டை வாசலைக் கடந்து, மான்களுக்குத் தீன் கொடுப்பவர்களையும் கடந்து, கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைக்கு ஏறும் எவரும் பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணின் கதையைக் கேட்காமல் இறங்குவதில்லை. காதலித்த அதிகாரி அவளை விட்டுவிட்டுத் தாய்நாட்டுக்குக் கப்பலேறினான், அக்கப்பல் பாறையின் கீழால் கடந்து போகையில் அவள் மேலிருந்து பாய்ந்து உயிர்விட்டாள் என்பதே கதை. அவளுடைய பெயரையும் 1687 என்ற ஆண்டையும் தாங்கிய தூண் அதற்குச் சாட்சியாகக் காட்டப்படுகிறது. ஆங்கிலேயர் அந்த இடத்துக்குக் காதலர் பாய்ந்த இடம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். (1622இல் போர்த்துக்கேயர் இடித்த எங்கள் கோயிலின் தூண்களில் ஒன்றுதான் அது என்று சொல்வோரும் உண்டு. அது உண்மையானால், ஒல்லாந்தருடைய காதல் கதைக்கு நாங்கள் தூணையும் இரவல் கொடுத்திருக்கிறோம்.)

ஆனால் ஒல்லாந்தரின் பதிவுகளைத் தேடிப் பார்த்தவர்கள் கண்டது வேறு. அந்தத் தூணில் உள்ள ஆண்டுக்குப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் பிரான்சினா உயிருடன் இருந்திருக்கிறார், திருமணம் முடித்து வாழ்ந்திருக்கிறார். இதை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்கள். எழுதி என்ன பயன்? இன்றைக்கும் பயணிகளுக்குச் சொல்லப்படுவது பாய்ந்த கதைதான். ஏனென்றால் காதலனை இழந்த பெண் அதன் பிறகு வேறொருவரை மணந்து, சோறு சமைத்து, சாதாரணமாக வாழ்ந்தாள் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு அது காதலாகவே தெரிவதில்லை. உயிரை விட்டால்தான் காதல் என்று கணக்கில் எடுக்கிறோம்.

உங்கள் எழுத்தை மீண்டும் மீண்டும் வாசித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். நீங்கள் கணவருக்குத் துரோகம் செய்கிறீர்களோ என்று கேட்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களை அரிப்பது மறுபக்கத்துக் கேள்வி என்றே நினைக்கிறேன்: நான் நன்றாகத்தானே வாழ்ந்துவிட்டேன், அப்படியானால் அந்த இறங்குதுறை வரைக்குமான நடைக்கு என்ன பெறுமதி? தங்கையே, இரண்டும் உண்மையாக இருக்கலாம். முப்பது ஆண்டு இல்லறம் அந்த நடையைப் பொய்யாக்கவில்லை, அந்த நடை இல்லறத்தில் ஒரு நாளையேனும் குறைத்ததாகவும் நீங்கள் எழுதவில்லை.

ஆகவே சந்தியுங்கள். ஆனால் கோயில் வீதியில் தற்செயலாகக் கண்டதுபோல் வேண்டாம், கடற்கரையில் வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டில், உங்கள் கணவர் வரவேற்க, இரு குடும்பமும் இருந்து உண்ணும் ஒரு மதியச் சாப்பாடாக அது இருக்கட்டும். அதற்கு முன், அவர் விமானம் ஏறுவதற்கும் முன், கணவரிடம் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் அண்ணன் பழங்கதை எடுத்து, அதிலிருந்து அவர் ஊகித்து அறிவதைவிட அது எவ்வளவோ மேல்.

பனிநாட்டு வாசி எழுதியது:

நானும் திருகோணமலைதான். இப்போது கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். ஐயா எழுதியதுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன், இருப்பினும் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன்.

கலிபோர்னியா அரச பல்கலைக்கழகத்தின் சாக்ரமென்டோ வளாகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த நான்சி கலிஷ், பிரிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் சேர்ந்த பழைய காதலர்களை 1990களில் ஆராய்ந்தார். 1001 பேர் அவருடைய வினாக்கொத்துக்குப் பதில் அளித்தார்கள். இளமையில் பிரிந்ததற்குப் பெற்றாரின் எதிர்ப்பை ஒரு முக்கிய காரணமாகப் பலர் சொன்னார்கள் என்பது நமக்கு வியப்பாக இராது. மீண்டும் சேர்ந்தவர்களில் பெரும்பான்மையோர் சேர்ந்தே இருந்தார்கள் என்ற செய்தியைத்தான் பத்திரிகைகள் விரும்பி எடுத்துக்கொண்டன. ஆனால் அவர்களுள் பலர் தனித்திருந்தவர்கள், கணவனையோ மனைவியையோ இழந்தவர்கள், விவாகரத்துப் பெற்றவர்கள். இணையம் பரவிய பிறகு அதே பேராசிரியர், திருமண வாழ்வில் இருப்பவர்கள் ஒரு நலம் விசாரிப்புத்தானே என்று பழைய காதலைத் தேடுவதைப் பற்றி எச்சரிக்கத் தொடங்கினார். தவறான எண்ணம் எதுவும் இல்லாமல் தொடங்கியவர்களே அவரிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

இன்னொன்று, நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்டவையே மற்றக் காலங்களைவிட அதிகமாக எழுந்து வருகின்றன என்பது பல ஆய்வுகளில் கண்ட விடயம். எல்லாவற்றையும் முதன்முதலாகச் செய்த காலம் அது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. உங்கள் விடயத்தில் அந்த மனிதருடன் சேர்ந்து இறங்குதுறையும், அண்ணனும், உரத்து வாசித்த அம்மாவும் ஒரே பொட்டலமாக எழுந்து வருகிறார்கள். அவருக்கும் அப்படித்தான் இருக்கும். இங்கிருந்து ஊருக்கு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விட்டுவந்த ஆண்டிலேயே ஊரும் நின்றிருக்கும் என்று எண்ணி வருவார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு மூதூர்ப் பயணம் எப்படி மாறியது என்று கேள்விப்பட்டிருந்தாலும், அவர் முதலில் போய் நிற்கப்போவது அந்த லோஞ்ச்த் துறையில்தான்.

நடைமுறையாக ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏற்பாடுகளை அண்ணன் மூலமாகவோ இரு குடும்பமும் இருக்கும் வட்ஸ்அப் குழுவிலோ செய்யுங்கள், தனியாக எழுதிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு மாலையென்றால் இங்கே அதிகாலை, இங்கே பிற்பகல் என்றால் உங்களுக்கு நள்ளிரவு. தனிச் செய்திகள் எப்போதும் ஒருவருடைய வீட்டில் மற்ற எல்லோரும் உறங்கும் நேரத்திலேயே வந்து விழும். இருட்டில் ஒளிரும் தொலைபேசியைத் தலையணைக்குக் கீழே தள்ளும் பழக்கம் ஒருமுறை வந்தால், அதன் பிறகு எழுதியது நலம் விசாரிப்பு மட்டுமே என்றாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவருடைய மனைவியையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, பங்குனி வெயிலில், யாரையும் அறியாத ஒரு வீட்டில் வந்து இருக்கப்போகிறவர் அவர்தான்.

மூதூர்க்காரி எழுதியது:

அக்கா, எனக்கு ஆராய்ச்சி ஒன்றும் தெரியாது. உங்கள் லோஞ்சில் வந்துபோன ஊரைச் சேர்ந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். அவர் படகேறவில்லை. 1990இல் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. எங்களுக்கு நிச்சயம் நடந்திருக்கவில்லை, குறிப்புப் பார்த்திருக்கவில்லை, இரு வீட்டாருக்கும் தெரியாது. பிறகு எனக்குத் திருமணமானது. 2006இல் மூதூர்ச் சண்டையில் எங்கள் குடும்பமும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோதும் அவரை நினைத்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் நினைத்தேன்.

2017இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரத்தில் இருந்து போராடத் தொடங்கியபோது அவருடைய தாயாரும் படத்தைப் பிடித்துக்கொண்டு வந்து இருந்தார். நான் அவருக்குப் பின்னால் போய் இருந்தேன். குறிப்பெடுத்துக்கொண்டு வந்த ஒரு பிள்ளை, அம்மா உங்களுக்கு இவர் என்ன உறவு என்று கேட்டது. தாய், மனைவி, சகோதரி, மகள் என்று சொல்ல ஒவ்வொருவருக்கும் ஓர் உறவு இருந்தது. நான் அயல்வீட்டுப் பெண் என்று சொன்னேன். அன்று வீடு திரும்பி, அடுப்படியில் வைத்துக் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கோபித்ததாகவும் தெரியவில்லை. அடுத்த முறை நான் புறப்பட்டபோது மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்து, ஏறு, கொண்டுபோய் விடுகிறேன் என்றார். எல்லாக் கணவர்மாரும் அப்படி இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களவரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவரும் அப்படிப்பட்டவர் என்றே தோன்றுகிறது.

உங்களுடையவர் உயிரோடு இருக்கிறார், நரைத்திருப்பார், நீரிழிவுக் குளிசை போடுவார், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி அலுக்கும் அளவுக்குக் கதைப்பார். அதைப் போய்க் கேளுங்கள் அக்கா. தம்பலகாமத்து அண்ணன் கோபிக்கக் கூடாது, நினைவைக் கெடாமல் வைத்திருப்பதற்காக ஆளைப் பார்க்காமல் விடு என்று சொல்வது எனக்கு விளங்கவில்லை.

வில்லூன்றி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூதூர்த் தங்கச்சி எழுதியதை வாசித்த பிறகு அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அவருக்கு நான் தனியாக எழுதுகிறேன்.

நேற்று இரவு கணவரிடம் சொன்னேன். சொல்ல நினைத்திருந்த ஒழுங்கில் சொல்லவில்லை. லோஞ்சில் தொடங்கி, மண்டபத்துக்குப் போய், வகுப்புக்குத் திரும்பி, ஒருவாறு சொல்லி முடித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, அந்த அட்டவணை எங்கே என்பதுதான். எடுத்துக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கணக்காய்வில் இருந்த காலத்து வழக்கப்படி முன்னட்டையிலிருந்து தொடங்கித் தாள் தாளாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், இத்தனை ஆண்டுகளாக நான் பார்த்தும் பொருட்படுத்தாத ஒரு நீள்வட்ட இறப்பர் முத்திரையைக் காட்டி, இது அவருடைய புத்தகமே இல்லை, பாடசாலை நூலகத்துப் புத்தகம் என்றார். அவர் உனக்குத் தந்தது அரசாங்கச் சொத்து, வரும்போது இதைத்தான் முதலில் கேட்பேன் என்றும் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவரும் சிரித்தார். ஆனால் படுக்கப் போகும்வரை அதிகம் கதைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவருக்கு ஒன்றுமில்லை என்று நான் நடிக்கப் போவதில்லை. காலையில் தேத்தண்ணீர் கொடுத்தபோது, அவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள், திருவிழாவுக்கு விரதமா, மீன் காய்ச்சலாமா கூடாதா என்று கேட்டார்.

அண்ணனிடம் விசாரித்தேன். அவர்கள் கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை விரதமாம், மரக்கறிதான். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு, எல்லோரும் இருக்க. தனிச் செய்தி இல்லை, குழுவை அண்ணன் தொடங்கிவிட்டார். அந்த வரியை என்ன நினைத்து எழுதினார் என்று அவரிடம் கேட்கலாமா என்று மட்டும் இன்னும் முடிவுசெய்யவில்லை. உவர்மலை ஐயா என்ன சொல்வீர்கள்?

உவர்மலை முதியவர் எழுதியது:

கேட்க வேண்டாம் என்பேன். உங்கள் கணவர் முத்திரையைக் காட்டி விசாரணையைத் தொடங்கும்போது அவருடைய முகத்தைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

தம்பலகாமத்தான் எழுதியது:

நான் இன்னும் வேண்டாம் என்ற கட்சியில்தான் இருக்கிறேன் சகோதரி, மூதூர்த் தங்கச்சியுடன் வாதாட எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். மரக்கறிச் சாப்பாடு என்றால் தயிரைக் கடையில் வாங்காதீர்கள். எங்கள் பக்கத்து எருமைத் தயிரை முதல் நாளே சொல்லிவைத்தால் சட்டியோடு காலை பஸ்ஸில் அனுப்பிவிடலாம்.